லெய்லெய் அம்மாவுக்குத் தொண்டை சரியில்லை

பஸ் ஓட்டுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. ஓட்டுநரோடு பேசாதீர்கள் என்று அவன் தலைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கும். ஷாவோ குவாங்லின் அந்த வாசகத்தை டெப்போவில் விட்டுவிட்டு வராமல், கூடவே வீட்டுக்கும் தெருவுக்கும் சுமந்துகொண்டு திரிகிறான் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

வட சீனாவில், எங்கள் தாய்யுவான் நகரத்தில் ஒரு பொதுக் குளியல் கூடத்துக்கு மேல், மூன்றாவது மாடியில் இருக்கிறது அந்தப் பயிற்சி நிலையம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பேசவும், முகம் பார்க்கவும், வரிசையில் நிற்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். என் மகள் நிங்நிங் உள்ளே போனதும் நான் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். பெஞ்ச் முழுக்க அம்மாக்கள். சூரியகாந்தி விதை கொறிப்போம், மாமியார்களை வறுத்தெடுப்போம், நடுவில் யாராவது அழுவாள், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி விதைக்குக் கை நீட்டுவாள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நான் நிங்நிங் அம்மா. எல்லாரையும் விட மூத்தவள், குரலும் பெரியது, தாவ்தாவ் அம்மா. அவளை மீறி அங்கே ஒரு நாற்காலி நகராது. ஷாவோவுக்குப் பெயர் லெய்லெய் அப்பா.

வருகிற ஆண்பிள்ளை அவன் ஒருத்தன்தான். காலை ஷிப்டை முடித்துவிட்டு, நீலச் சீருடையோடு மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி வருவான். ஐந்து வயதுப் பையன், நல்ல கனம். அவனை உள்ளே விட்ட கையோடு மாடிப்படிக்குப் போய், ஜன்னலோரம் நின்று சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொள்வான். பெஞ்சில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டான். "குளிர்ல நிக்காதப்பா, இங்க வா," என்று தாவ்தாவ் அம்மா கூப்பிட்டால், "பரவால்ல," என்பான். அதற்கு மேல் ஒரு சொல் வராது. எனக்கு எரிச்சலாக இருக்கும். பிள்ளை பெற்றவள் மட்டும் உட்கார்ந்து அழ வேண்டும், இவர்கள் நின்று புகை விடுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவன் மனைவி யுசியாவை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வசந்த காலத்தில், லெய்லெய்யைச் சேர்க்க வந்தபோது. சின்ன உருவம். மஃப்ளரில் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். துணிக்கடையில் வேலை என்றாள். தாவ்தாவ் அம்மா அன்றைக்கே அவளை எங்கள் கைப்பேசிக் குழுவில் சேர்த்துவிட்டாள். அது அம்மாக்கள் மட்டும் இருக்கிற குழு. முன்பு அப்பாக்களும் இருந்தார்கள். ஒருத்தர் காப்பீடு விற்க ஆரம்பித்தார், இன்னொருத்தர் அவரோடு சண்டைக்குப் போனார். தாவ்தாவ் அம்மா எல்லா ஆண்களையும் ஒரே நாளில் துரத்திவிட்டாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் மனம்விட்டு எழுத ஆரம்பித்தோம். மூலவியாதி முதல் முதலிரவு வரை அங்கே பேசாத பேச்சு இல்லை.

குழுவில் சேர்ந்த யுசியா கோடை முழுக்க வாயே திறக்கவில்லை. இலையுதிர் காலத்தில், நிலாத் திருவிழா முடிந்த சில நாட்களில், திடீரென்று ஒரு மத்தியானம் எழுதினாள். "இன்னிக்கு பஸ்ல லெய்லெய் என் கையைக் கடிச்சுட்டான். வளர்த்த லட்சணத்தைப் பாருன்னு ஒரு பெரியவர் சொன்னார். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்."

குழாயைத் திறந்துவிட்டு அழாத அம்மா எங்கள் குழுவில் யார்? ஒரே சமயத்தில் எல்லோரும் பாய்ந்தோம். ஒருத்தி கடிக்கு மருந்து சொன்னாள், ஒருத்தி அந்தப் பெரியவரின் பரம்பரையையே திட்டினாள். அன்று முதல் லெய்லெய் அம்மா எழுதாத நாள் இல்லை. எனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்பதே மறந்துவிட்டது என்று எழுதுவாள். பையன் தூங்கும்போது முகத்தைப் பார்த்தால் யாரோ கொடுத்துவைத்துப் போன பிள்ளைபோல அழகாக இருக்கிறான் என்று எழுதுவாள். மற்றவர்கள் அழுதால் முதலில் பதில் போடுகிறவளும் அவள்தான். நாங்களெல்லாம் விரலுக்குச் சோம்பல்பட்டுக் குரலில் பேசி அனுப்புவோம். அவள் மட்டும் எழுத்தில்தான். "தொண்டை சரியில்ல, அக்கா," என்பாள்.

தொண்டை சரியில்லை என்று தாவ்தாவ் அம்மாவிடம் சொல்லலாமா? மறுநாளே பேரிக்காயைக் கற்கண்டோடு வேகவைத்து, ஒரு ஃபிளாஸ்க் நிறையக் கொண்டுவந்து மாடிப்படியில் நின்ற ஷாவோவின் கையில் திணித்தாள்.

"இந்தா. உன் பொண்டாட்டிக்கு. சூட்டோட குடிக்கச் சொல்லு."

ஷாவோ சிகரெட்டைக் கீழே போட்டு, ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "சரிங்க அக்கா."

"அவ எங்ககிட்ட எவ்ளோ புலம்பறா தெரியுமா? நீ ஒரு நாளாச்சும் உக்காந்து கேட்டிருக்கியா?"

"கேக்கறேன்."

"கேட்டுட்டு என்ன சொல்லுவ?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "ஒண்ணும் சொல்ல வரல, அக்கா."

"வராது, வராது! புகை விட மட்டும் நல்லா வரும்," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி வந்தாள். பெஞ்சில் நாங்கள் சிரித்தோம். அன்று மாலை குழுவில் லெய்லெய் அம்மா எழுதினாள். "பேரிக்காய் தித்திப்பா இருந்துச்சு. எனக்குன்னு யாரோ ஒருத்தர் அடுப்பு முன்னால நின்னிருக்காங்கன்னு நினைச்சேன். நெஞ்சு லேசாயிடுச்சு." ஃபிளாஸ்க் பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது. மறுபடி நிரப்பிக் கொடுத்தோம். குளிர்காலம் பிறக்கும்வரை அது போய் வந்துகொண்டே இருந்தது.

நடுவில் வென்வென் அம்மாவின் விஷயம் வந்தது. வாய் பேசாத மகளை வைத்துக்கொண்டு தனக்கு மார்பில் கட்டி இருக்கிறது என்று ஒரு நாள் எழுதினாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, அவர் என்னைத் தொட்டே வருஷக்கணக்காகிறது என்றும் எழுதினாள். லெய்லெய் அம்மாதான் முதலில் எழுதினாள். "ஸ்கேன் எடுக்கத் தனியாப் போகாதீங்க. போறப்ப சுடுதண்ணி ஃபிளாஸ்க்கை மடியில வெச்சுக்குங்க. காத்திருக்கும்போது கை சில்லிட்டுப் போகும்." கட்டி சாதாரணமானதுதான் என்று தெரிகிறவரை தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். சொந்தத் தங்கைகூட இப்படி விசாரிக்கவில்லை என்று வென்வென் அம்மா பெஞ்சில் எங்களிடம் சொன்னாள்.

குளிர்காலத்தின் மிக நீளமான இரவு வருகிற நாளில் எங்கள் ஊரில் எல்லோர் வீட்டிலும் கொழுக்கட்டை. பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் வைத்து மடித்து, கறுப்பு வினிகரில் தொட்டுச் சாப்பிடாவிட்டால் குளிரில் காது உதிர்ந்துவிடும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவோம். அன்று காலையிலிருந்து தாவ்தாவ் அம்மா வீட்டில் கூடி மாவு தேய்த்துக்கொண்டிருந்தோம். லெய்லெய் அம்மாவையும் கூப்பிட்டிருந்தோம். வரவில்லை. மத்தியானம் குழுவில் ஒரு வரி வந்து விழுந்தது.

"மாவு பிசையக்கூடக் கை வரல. லெய்லெய் மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

தாவ்தாவ் அம்மா உருட்டுக் கட்டையைக் கீழே வைத்தாள். "எழுந்திரிங்கடி," என்றாள்.

வெந்த கொழுக்கட்டையைப் பாத்திரத்தில் அள்ளி, துண்டில் சுற்றிக்கொண்டு மூன்று பேர் கிளம்பினோம். தாவ்தாவ் அம்மா, வென்வென் அம்மா, நான். லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடம், ஐந்தாவது மாடி.

கதவைத் திறந்தது ஷாவோ. இடுப்பில் பூப்போட்ட ஏப்ரன், முழங்கை வரை மாவு. அவனுக்குப் பின்னால் லெய்லெய் தரையில் கவிழ்ந்து படுத்து, பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"யுசியா எங்க?" என்றாள் தாவ்தாவ் அம்மா.

"வெளிய... போயிருக்கா."

"இந்தக் குளிர்லயா? கை வரலன்னு இப்பத்தான் எழுதினா. அதுக்குள்ள எங்க போனா? தனியாவா விட்ட?"

அவன் தரையில் கிடந்த மூடிகளைப் பார்த்தான். தாவ்தாவ் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பாத்திரத்தை என் கையில் தள்ளிவிட்டு, தன் போனை எடுத்து லெய்லெய் அம்மாவை அழைத்தாள். ஷாவோவின் ஏப்ரன் பைக்குள் மணி அடித்தது.

அவன் அதை எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. தரையில் லெய்லெய் காதுகளைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தான். பையனுக்காகத்தான் ஷாவோ கடைசியில் போனை வெளியே எடுத்து அணைத்தான். முயல் படம் போட்ட ரோஜா நிற உறை முழுக்க மாவு அப்பிக்கொண்டது.

"பேரிக்காயை நாந்தான் குடிச்சேன், அக்கா," என்றான்.

எங்களுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. யுசியா நிலாத் திருவிழாவுக்கு மறுநாளே தெற்கே வேலைக்குப் போய்விட்டாளாம். இங்கேயே இருந்தால் ஒரு நாள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு குதித்துவிடுவேன், அதனால் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அவள் பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் தடுக்கவில்லை. நிலையத்தின் அறிவிப்பு எதுவும் தவறக் கூடாதென்று பழைய போனை விட்டுப் போயிருக்கிறாள். காலை ஷிப்டில் பையனைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் விட்டுப் போவானாம். டெப்போவில் மனைவிக்குக் கடையில் வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருந்தான். மலைக் கிராமத்தில் இருக்கும் அம்மாவிடம் எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லி வைத்திருந்தான். நல்லதை மட்டும் வீட்டுக்குச் சொல்வது எங்கள் ஜனங்களின் பழக்கம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"தினம் மாடிப்படியில நிக்கறியே. நேரா எங்ககிட்ட வந்து சொன்னா நாங்க கடிச்சா தின்னுடுவோம்?" என்றாள் தாவ்தாவ் அம்மா. குரல் உடைந்திருந்தது.

"நேர்ல வராது, அக்கா. லெய்லெய் அப்பாவா நின்னா வாயே தொறக்க மாட்டேங்குது. நிலக்கரி லாரி ஓட்டின காலத்துலேர்ந்தே அப்படித்தான். இந்த போனை எடுத்தா தானா வருது."

அப்போதுதான் வென்வென் அம்மா பேசினாள். மிக மெதுவாகப் பேசினாள்.

"ஃபிளாஸ்க்கை மடியில வெச்சுக்கன்னு எழுதினது நீயா?"

"நாந்தான்."

"அதைப் படிச்சுப் படிச்சு அழுதேன். ஒரு ஆம்பளகிட்டயா என் மாரைப் பத்தி எழுதிக்கிட்டு இருந்தேன்?"

"கட்டி ஒண்ணுமில்லேன்னு நீங்க எழுதினப்போ நான் டெப்போவுல..."

"பேசாத!" என்று கத்திவிட்டு அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

ஷாவோ மாவுக் கையோடு அங்கேயே நின்றான். நான் பாத்திரத்தை மேஜைமேல் வைத்து, "சூட்டோட சாப்பிடுங்க," என்றேன். வேறு எதுவும் எனக்கும் வரவில்லை.

மறுநாள் பெஞ்சில் முடிவு எடுத்தோம். லெய்லெய் அம்மாவைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவது என்று. நானும் நீக்கத்தான் சொன்னேன், இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். வென்வென் அம்மா ஒருத்திக்கென்று திறந்து காட்டியதை அவன் அந்த ஒருத்தியாக நின்று பார்த்துவிட்டான். அவன் நல்லவன் என்பதால் அது சரியாகிவிடாது. மாடிப்படியில் அவனுக்கும் அது தெரிந்திருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றவன் திரும்பவே இல்லை.

தாவ்தாவ் அம்மா ஆளை விட்டுவிடுகிறவள் இல்லை. "ஆம்பளைங்களுக்கும் ஒரு இடம் வேணும்ல," என்று சொல்லி, எங்கள் புருஷன்மாரையெல்லாம் பிடித்துப் போட்டு அப்பாக்கள் குழு ஒன்று தொடங்கிக் கொடுத்தாள். ஷாவோவையும் அவன் சொந்தப் பெயரில், சொந்த போனில் சேர்த்தாள். என் வீட்டுக்காரரும் அதில் இருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், வீட்டில் பத்து வார்த்தை பேசினால் எனக்குத் திருவிழா. குழு எப்படிப் போகிறது என்று கேட்டால், "நல்லாத்தான் போகுது," என்பார்.

புத்தாண்டு விடுமுறை முடிந்த பிறகு ஒரு சாயங்காலம், நிங்நிங்குக்குப் பாட்டுப் போடுவதற்காக அவர் போனை எடுத்தேன். குழு திறந்தே இருந்தது. ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பைப் படங்கள், காலை வணக்கம், ஒரு கால்பந்து முடிவு, மறுபடி காலை வணக்கம். நடுவில் ஷாவோ எழுதியிருந்தான்.

"அண்ணன்மாரே, தம்பிமாரே. எனக்குச் சரியாத் தூக்கம் இல்ல. பஸ் ஓட்டும்போது ரோடு ரொம்பத் தூரத்துல இருக்கற மாதிரி தெரியுது. லெய்லெய்யைத் தூக்கிட்டு மாடி ஏறறப்போ பாதியில நின்னுடறேன். எதுக்கு ஏறணும்னு தோணுது. உங்கள்ல யாருக்காச்சும் இப்படி இருக்கா?"

அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல். அப்புறம் "தாக்குப்பிடிங்க அண்ணே" என்று ஒரு வரி. அப்புறம் பனி மூடிய மலைமேல் சூரியன் உதிக்கிற படம். அந்தக் கட்டைவிரல் என் வீட்டுக்காரருடையது.

"நிங்நிங் அப்பா, இவ்ளோ எழுதியிருக்கான். நீங்க விரலைக் காட்டியிருக்கீங்க?"

"படிச்சேன்னு தெரிய வேணாமா?"

"ஒரு வார்த்தை எழுதினா விரல் தேஞ்சிடுமா?"

"என்னத்த எழுத? ஆம்பள. தாக்குப்பிடிப்பான்."

"உங்கள்ல யாருக்காச்சும் இப்படி இருக்கான்னு கேட்டிருக்கானே?"

போனை என் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சூப் ஆறுது, வா," என்றார்.

மறுநாள் நிலையத்தில் ஷாவோவைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நானே மாடிப்படிக்குப் போய் நின்றேன். "எப்படி இருக்கீங்க?" என்றேன். "பரவால்ல," என்றான். "தூக்கம்?" என்றேன். "பரவால்ல," என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனைப் பிடித்து உலுக்கியிருப்பேன். வீட்டில் ஒரு சுவர், இங்கே ஒரு சுவர், இரண்டோடும் முட்டிக்கொள்ள நான் ஒருத்தி.

சாயங்காலம் எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவாமல் என் போனை எடுத்தேன். குழுவில் இல்லாவிட்டாலும் அந்த முயல் உறை போனின் எண் என்னிடம் இருந்தது. என்ன எழுதுவதென்று யோசித்துப் பார்த்து, கடைசியில் எப்போதும் எழுதுவதையே எழுதினேன்.

"லெய்லெய் அம்மா, சாப்பிட்டாச்சா?"

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அந்தப் போனை எங்கேயோ அலமாரியில் போட்டிருப்பான் என்று நினைத்தேன். பிறகு வந்தது.

"இன்னும் இல்ல, அக்கா."

"தொண்டை எப்படி இருக்கு?"

"சரியாகல, அக்கா." அதற்குப் பிறகு நிற்கவில்லை. ரோடு தூரமாகப் போவதை எழுதினான். மாடிப்படியில் நின்றுவிடுவதை எழுதினான். பஸ்ஸில் ஆட்கள் நிறைய இருக்கும்போதுதான் ரொம்பத் தனியாக இருக்கிறது, காலி பஸ்ஸில் அவ்வளவு இல்லை என்று எழுதினான். யுசியாவின் கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, லெய்லெய் அதன் கைக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறான் என்று எழுதினான். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் போட்டேன். யாருக்குப் போடுகிறேன் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

கடைசியில் எழுதினேன். "நாளைக்கு லெய்லெய் எங்க வீட்ல இருக்கட்டும். உங்க வீட்டுக்காரரை டாக்டர்கிட்டப் போகச் சொல்லுங்க. தூக்கம் வராததுக்குன்னே டாக்டர் இருக்காங்க. வெக்கப்பட ஒண்ணுமில்லேன்னு சொல்லுங்க."

திரையில் எழுத்து வருவதும் அழிவதுமாக இருந்தது.

"லெய்லெய் அப்பாகிட்ட சொன்னேன், அக்கா. போறேன்னு சொல்றாரு."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது இன்னொரு வரி வந்திருந்தது.

"அக்கா, நிங்நிங் அப்பாவையும் ஒரு வார்த்தை கேளுங்க. நான் எதை எழுதினாலும் முதல்ல விரல் காட்டறது அவருதான். எழுதின மறு நிமிஷமே வருது. எப்பவும் போனைக் கையிலேயே வெச்சிருக்காருபோல."

பால்கனியைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். ஒரு கையில் சிகரெட். இன்னொரு கையில் போன் வெளிச்சம். கல்யாணமான நாள் முதல் அந்த முதுகைப் பார்க்கிறேன். சாப்பிட்டதும் அங்கே போய் நிற்பது அவர் வழக்கம், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

கதவைத் திறந்தேன். குளிர் முகத்தில் அடித்தது. கேட்க வேண்டியது எவ்வளவோ நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வாயில் வந்தது அந்த ஒன்றுதான்.

"சாப்பிட்டாச்சா?"

அவர் திரும்பி என்னை விநோதமாகப் பார்த்தார். "என்ன ஆச்சு உனக்கு? இப்பத்தானே ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம்?"

"ஆமாம்," என்றேன்.

நான் உள்ளே போகவில்லை. அவரும் போகச் சொல்லவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, புகை என்மேல் படாமல் இருக்க சிகரெட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.